லெண்ட், பாரோ: இரு வினைச்சொற்கள்

வைகை அணை திறந்து, மதுரைச் சமவெளியில் நாற்று விடும் பருவத்தில் பயிர்க்கடனை நாடுகிறோம். பத்திரம் ஆங்கிலத்தில் இருப்பின், இரு வினைச்சொற்களைப் பிழையற அறிதல் நலம்.

‘லெண்ட்’ என்பது கடன் கொடுத்தல்; அதனுடன் ‘டு’ வரும். ‘பாரோ’ என்பது கடன் வாங்குதல். அதனுடன் ‘ஃப்ரம்’ வரும்.

“பேங்க்ஸ் லெண்ட் மணி டு ஃபார்மர்ஸ்”: வங்கிகள் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கின்றன.

“ஃபார்மர்ஸ் பாரோ மணி ஃப்ரம் பேங்க்ஸ்”: விவசாயிகள் வங்கிகளிடம் கடன் வாங்குகின்றனர்.

கொடுப்பவர் ‘லெண்டர்’, வாங்குபவர் ‘பாரோவர்’. ‘கியாரண்டர்’ என்பவரோ ஜாமீன்தாரர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாவிடில், கடன்பட்டவரின் பொறுப்பு முழுவதும் அவருக்கும் உண்டு. எனவே, எச்சொல்லின் கீழ் கையொப்பமிடுகிறோம் என்பதைப் படித்தறிந்த பின்னரே பேனாவை எடுப்போமாக!