எழுத வருகிறவர்களைச் சுற்றும் கட்டுக்கதைகள்

நம்பிக்கை: எழுத்தாளராக வேண்டுமென்றால் வேலையை உதறிவிட்டுச் சென்னைக்கு வண்டி ஏற வேண்டும்.

தருமபுரியில் இருந்துகொண்டு இதைச் சொல்பவர்களுக்கு உள்ளூர்க் கதை தெரியவில்லை என்று பொருள். 1980களின் இறுதியில் பாலக்கோட்டுத் தொலைபேசி நிலையத்துக்கு ஓர் ஊழியர் வந்து சேர்ந்தார். பிறகு தருமபுரிக்கு மாற்றலானார். அவர் ஜெயமோகன். ‘ரப்பர்’ நாவல் 1990இல் வெளிவந்ததும், எண்ணூறு பக்கங்களைத் தாண்டும் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் அச்சேறியதும் அவர் அந்தத் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான். தருமபுரி மாவட்டத்தில் பிறந்த ஆதவன் தீட்சண்யாவும் தொலைபேசித் துறைக்காரரே. ஓசூரில் பணியாற்றியபடி கவிதை, சிறுகதை, நாவல் என்று எழுதியதோடு ‘புதுவிசை’ இதழையும் கவனித்துக்கொண்டார். (தொலைபேசிக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் அப்படி என்ன பொருத்தமோ!)

வேலை நேரத்தைத் தின்னும், உண்மைதான். ஆனால் ராயல்டியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தும் தமிழ் எழுத்தாளர்கள் மிகச் சிலரே. மாதச் சம்பளம் இருப்பவர், பிடிக்காததை எழுத மாட்டேன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

நம்பிக்கை: பட்டம் வாங்காதவருக்கு எழுத்து வராது, இருபது வயதுக்குள் தொடங்காவிட்டால் அவ்வளவுதான்.

இடைசெவல் விவசாயி கி. ராஜநாராயணன் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. எழுத வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது.

நம்பிக்கை: அலங்காரமாக எழுதினால்தான் இலக்கியம்.

போட்டிக்கு வரும் கதைகளில் பாதியைக் கெடுப்பது இந்த நினைப்புதான். நிலவும் தென்றலும் முதல் பக்கத்தை நிரப்பிவிடும். பாத்திரத்தின் ஊரும் தொழிலும் கடைசிவரை தெரியாது. மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. தருமபுரி, செங்கம் பகுதிகள் நடுகற்களுக்குப் பேர்போனவை. பல்லவர் கால நடுகல் எழுத்து சில வரிகளில் முடிந்துவிடும்: எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆநிரை, யார் மீட்டான், எப்படி மாண்டான். செங்கம் வட்டம் எடுத்தனூரில் உள்ள கல், மகேந்திரவர்மன் காலத்தது. கால்நடைகளைக் காத்து இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்த நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். ‘விசுவாசமான நாய்’ என்று எழுதியிருந்தால் ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து யார் அதைப் பேசப் போகிறார்கள்? பெயர் இருந்ததால் நாய் நிற்கிறது. பாலக்கோட்டுத் தக்காளி மண்டியையோ தருமபுரிப் பட்டுக்கூடு ஏலத்தையோ எழுத நினைப்பவர், அங்கே விலை எப்படிக் கூறப்படுகிறது, யார் யாரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று ஒரு காலைப்பொழுது நின்று குறித்துக்கொண்டு வந்தால் போதும். உவமைக்கு அலைய வேண்டியதில்லை.

நம்பிக்கை: பதிவு செய்யாமல் கதையை அனுப்பினால் திருடிவிடுவார்கள்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த அக்கணமே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு வந்தால் சான்றாக உதவும், அவ்வளவே. எழுத்தாளரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். ஆனால் சட்டம் காப்பது எழுதப்பட்ட வடிவத்தை. டீக்கடையில் சொல்லித் திரிந்த கருவுக்குக் காப்பு கிடையாது.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. முதல் புத்தகம் வரும் மகிழ்ச்சியில், நீட்டிய காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்களே, அங்கேதான். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலம், கையொப்பத்தோடு நடந்தால்தான் செல்லும். எத்தனை காலம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள், எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டத்தின் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்’ என்ற வரி கண்ணில் பட்டால், பேனாவை மூடிவிட்டு அதை அடிக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பதால் புத்தகம் நின்றுபோவது அபூர்வம்.