பொறையாற்றில் எழுத்து வார்த்த ஜெர்மானியர்

குள்ளஞ்சாவடிக்கு அண்மையிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை அகழும் பெருஞ்சக்கர யந்திரங்கள் ஜெர்மானியர் கைத்திறனென்பதை நம் மாணவர் பலரும் அறிவர். அந்நாட்டுத் தொழிலாளர் முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே நம் கடற்கரையில் ஒரு தொழிலை நாட்டினரென்பதை அறிந்தோர் சிலரே.

தொழிலைக் கையிற்கொண்டு பிறநாடு புகுந்த ஜெர்மானியர் பலர். பியானோ என்னும் இசைக்கருவியை 1700-ஆம் ஆண்டளவில் முதற்கண் ஆக்கியவர் இத்தாலியராகிய கிறிஸ்டோபோரி. ஆயினும் அதனை இலண்டன் இல்லங்களிற் புகுத்தியவை, அங்குக் குடியேறிய ஜூம்பே என்னும் ஜெர்மானியர் 1766-ஆம் ஆண்டளவிற் செய்த சிறிய சதுரப் பியானோக்களே. புகுந்த இடத்தின் தேவைக்கேற்பத் தொழிலைத் திருத்திக்கொண்டமையே அவர் வெற்றிக்குக் காரணமாம்.

தரங்கம்பாடியிலும் அதுவே நிகழ்ந்தது. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயர் தமிழ் நூல்களை அச்சிட விழைந்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவ்வாண்டே ஆட்லர் என்னும் எழுத்து வார்ப்பவரும் வந்தார். வந்த எழுத்துக்களோ மிகப் பெரியன. அவற்றால் அச்சிடின் காகிதம் மிகுதியும் செலவாம். காகிதமோ கடல் கடந்து வரவேண்டும். ஆகலின், ஆட்லர் பொறையாற்றிற் பட்டறை அமைத்தார். எஃகில் எழுத்தைச் செதுக்கி, அதனைச் செம்பிற் பதித்து, அப்பதிவில் ஈயக்கலவையை வார்ப்பது அத்தொழிலின் முறை. ஈயம் கிட்டாதபோது பாலடைக்கட்டி வந்த பெட்டிகளின் ஈய மூடிகளையும் உருக்கினரென்பர். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் பெரிய எழுத்தில் வெளிவந்தன. புதிய ஏற்பாட்டின் எஞ்சிய பகுதி 1715-இற் சிறிய எழுத்தில் முற்றுப்பெற்றது. பின்னர்ப் பொறையாற்றிற் காகித ஆலையொன்றும் எழுந்தது. கடுதாசிப்பட்டறை என்னும் இடப்பெயர் அதற்குச் சான்றாம்.

நூலை இயற்றினோரைப் போற்றும் நாம், அதற்கு எழுத்து வார்த்தோரை நினைப்பதில்லை. கைத்தொழிலைக் கல்விக்குத் தாழ்ந்ததென எண்ணும் மனப்பான்மை இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆட்லரின் கரி படிந்த கைகளின்றேல், சீகன்பால்கு ஐயரின் புலமை அத்துணை விரைவில் ஏடேறியிராது. தரங்கம்பாடி செல்லும் மாணவர், கோட்டையைக் கண்டு மீளாமல், பொறையாறு வரையும் சென்று வருவாராக.