ஒரு லட்சம் மைல் அலைந்த இளைஞர்

சிப்பிகாட் தெற்கு அந்தமானில் உள்ள ஊர். போர்ட் பிளேர் நகருக்கு அருகில் இருக்கிறது. அந்த நகருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

2004 டிசம்பர் 26 அன்று கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. பிறகு சுனாமி வந்தது. தெற்கு அந்தமானில் நிலமே சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்தது. பல இடங்களில் அந்த நீர் திரும்பிப் போகவே இல்லை.

அங்கே முன்பு நெல் விளைந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவார்களா? அந்த வயலை யாராவது அன்று படம் எடுத்து வைத்திருந்தால், காட்டலாம். படம் என்பது வெறும் அழகுக்கு மட்டும் அல்ல. அது சாட்சி.

இந்த உண்மையை நன்றாக அறிந்த ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயர் ஏ.கே. செட்டியார். அவருடைய கதையைப் படிப்போம்.

கப்பலில் வந்த எண்ணம்

ஏ.கே. செட்டியார் 1911இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். முழுப் பெயர் அ. கருப்பன் செட்டியார். செட்டிநாட்டில் பலர் கடல் கடந்து போய் வட்டித் தொழில் செய்தார்கள். இவரும் கடல் கடந்தார். ஆனால் இவர் கையில் எடுத்தது பேனாவும் கேமராவும்.

பர்மாவில் ரங்கூன் நகரில் 'தனவணிகன்' என்ற பத்திரிகையின் ஆசிரியராக இருந்தார். பிறகு ஜப்பான் போனார். டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். அடுத்து அமெரிக்கா போய் நியூயார்க்கிலும் அதே கலையைப் படித்தார்.

1937ஆம் ஆண்டு. அந்தமான் செல்லுலார் சிறையில் விடுதலை வீரர்கள் ஜூலை மாதம் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அதைக் கைவிடும்படி காந்தியடிகள் அவர்களைக் கேட்டுக்கொண்டார். கடலுக்கு நடுவே இருந்த சிறைவாசிகளும் காந்தியின் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2. காந்தியடிகளின் பிறந்த நாள். செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 'காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்க வேண்டும்!'

அப்போது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை. கையில் பெரிய பணம் இல்லை. நாட்டை ஆண்டது வெள்ளைக்கார அரசு. அந்த அரசை எதிர்த்தவரைப் பற்றித்தான் படம் எடுக்க நினைத்தார்.

தேடித் தேடிச் சேர்த்தார்

இது கதைப் படம் அல்ல. நடிகர்கள் கிடையாது. உண்மை நிகழ்ச்சிகளைக் காட்டும் படம். இதை ஆவணப்படம் என்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். 1912இல் நடந்ததை 1937இல் படம் எடுக்க முடியுமா? முடியாது. அன்று எடுத்த படச்சுருளைத்தான் தேட வேண்டும். காந்தியடிகளை வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆட்கள் படம் பிடித்திருந்தார்கள். அந்தச் சுருள்கள் உலகம் எங்கும் சிதறிக் கிடந்தன.

செட்டியார் கிளம்பினார். இன்றுபோல் கைப்பேசி இல்லை. கடிதம் எழுத வேண்டும். பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். கப்பலில் வாரக் கணக்கில் போக வேண்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் வந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். அது மூன்று நாள் பயணம். செட்டியாரோ நான்கு கண்டங்கள் சுற்றினார். சுமார் மூன்று ஆண்டுகளில் ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார்.

பலன் கிடைத்தது. 1912இல் கோகலே தென்னாப்பிரிக்கா போனபோது எடுத்த படம் கிடைத்தது. அதில் காந்தியும் இருந்தார். 1930இல் நடந்த தண்டி யாத்திரைக் காட்சிகளும் சேர்ந்தன. 30 ஆண்டுகளில் சுமார் 100 பேர் எடுத்த காட்சிகள் சேர்ந்தன. மொத்தம் 50,000 அடி நீளம்!

அந்தக் காலப் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும். ஒரு பொறி பட்டாலும் போதும். சூடும் ஈரமும் பட்டால் கெட்டுப்போகும். யாரும் தேடி எடுக்காவிட்டால் ஒவ்வொன்றாக அழிந்துவிடும். அதனால் தேடலில் தாமதம் கூடாது.

வெட்டுவதும் ஒரு கலை

50,000 அடியையும் காட்டினால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். செட்டியார் அதை 12,000 அடியாக ஆக்கினார். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குதான் மிஞ்சியது. ஆசை ஆசையாய்ச் சேர்த்ததை வெட்டுவது எளிதா? ஆனாலும் செய்தார்.

இதற்கிடையே 1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. அப்படியும் வேலை நிற்கவில்லை. 1940 ஆகஸ்ட் 23 அன்று படம் வெளிவந்தது. தமிழில் விளக்கம் சொல்லும் படம் அது. பிறகு தெலுங்கிலும் வந்தது. 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது.

சாட்சியும் தொலைந்தது

வருத்தமான செய்தி ஒன்று உண்டு. இவ்வளவு பாடுபட்டு எடுத்த படமே பின்னாளில் காணாமல் போனது. பல ஆண்டுகள் யாருக்கும் கிடைக்கவில்லை. பிறகு வரலாற்று ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடினார். ஆங்கிலப் படத்தின் பிரதி ஒன்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. தேடிச் சேர்த்தவரின் படத்தையே இன்னொருவர் தேட வேண்டி வந்தது. சேர்த்தால் மட்டும் போதாது. காக்கவும் வேண்டும்.

செட்டியார் 1943இல் 'குமரி மலர்' என்ற மாத இதழைத் தொடங்கினார். பழைய கட்டுரைகளைத் தேடி அதில் அச்சிட்டார். 1983இல் காலமானார். உலகத்தையே படம் பிடித்த அவர், தம்முடைய படம் வெளிவருவதை விரும்பவில்லை.

கணக்குப் போடுவோம்

அந்தப் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சிறு படங்கள் இருக்கும். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடும்.

12,000 அடி × 16 = 1,92,000 படங்கள்.
1,92,000 ÷ 24 = 8,000 நொடிகள்.

அதாவது 2 மணி 13 நிமிடம் 20 நொடி. மூன்று ஆண்டு உழைப்பு, இரண்டேகால் மணி நேரப் படம்!

சொல்லும் பொருளும்

ஆவணப்படம் – உண்மை நிகழ்ச்சிகளைக் காட்டும் படம்
கண்டம் – பெரிய நிலப்பகுதி
பிரதி – நகல்

பேசுவோம்

1. செட்டியார் ஏன் நாடு நாடாகப் போனார்?
2. 38,000 அடியை வெட்டியது சரியா? ஏன்?
3. உங்கள் ஊரில் முன்பு இருந்து, இன்று இல்லாதவை எவை?

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டில் பழைய புகைப்படம் இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் யார்? எந்த ஊர்? எந்த ஆண்டு? வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். தனித் தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். அந்த நாலு வரியை நீங்களே எழுதலாம்.