வேலை தேடுவோருக்கு மத்யன் தரும் பாடம்

படித்துப் பட்டம் பெற்ற பிள்ளை ஓராண்டு, ஈராண்டு என்று வேலை தேடி அலைகிறான். மனுப் போட்ட இடங்களிலிருந்து பதில் இல்லை. நேர்முகத்துக்குப் போன இடங்களில் "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறார்கள், சொல்லி அனுப்புவதில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால், "தம்பி, இப்போ என்ன செய்றே?" என்ற கேள்விக்கு அஞ்சி விருந்தில் அமராமலே திரும்புகிறான். நாளடைவில் ஜமாஅத்துக்கு வருவதும் குறைகிறது. "இவ்வளவு துஆக் கேட்டும் என்ன பலன்?" என்ற சொல் அவன் வாயில் பிறக்கும்போது, தொல்லை வயிற்றோடு நிற்காமல் ஈமானையும் தொடுகிறது என்பதை நாம் உணர வேண்டும்.

இத்தகைய பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் திருமறையின் அல்கஸஸ் அத்தியாயத்தில் நல்லதொரு பாடம் இருக்கிறது.

மத்யனில் நடந்தது

நபி மூஸா (அலை) அவர்கள் அரண்மனையில் வளர்ந்தவர்கள். தம் கையால் எதிர்பாராமல் ஒருவன் இறந்துபோக, ஃபிர்அவ்னின் ஆட்கள் கொல்லத் தேடுவதறிந்து மிஸ்ரை விட்டு வெளியேறி மத்யனுக்கு வந்தார்கள். அங்கே அவர்களுக்கு வீடில்லை, தொழிலில்லை. நீர்த்துறையில் இடையர்கள் தம் கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் மட்டும் ஒதுங்கி நின்றார்கள். தந்தை தள்ளாத முதியவர். இடையர்கள் போன பிறகே தங்கள் முறை என்றார்கள். மூஸா (அலை) அவர்கள் அந்தப் பெண்களின் மந்தைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, நிழலில் ஒதுங்கி ரப்பிடம் கையேந்தினார்கள். இன்ன உத்தியோகம், இவ்வளவு சம்பளம் என்று அவர்கள் கேட்கவில்லை. இறைவன் இறக்கும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவர் என்பதே அந்த துஆவின் கருத்து.

அந்தப் பெண்களில் ஒருவர் நாணத்தோடு வந்து தந்தை அழைப்பதாகச் சொன்னார். அவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்று தந்தையிடம் மகளே பரிந்துரைத்தார். இந்த நிகழ்ச்சியிலிருந்து நாம் பெற வேண்டிய படிப்பினைகள் பல.

ஒன்று: காத்திருக்கும் நாளிலும் கை சும்மா இருக்கலாகாது

மூஸா (அலை) அவர்கள் முதலில் உழைத்தார்கள். பிறகு துஆக் கேட்டார்கள். கூலி பேசாமல் செய்த அந்த உதவியே வேலைக்கு வழி திறந்தது. நம் பிள்ளைகளோ, "படித்தவன் கடையில் நிற்பதா?" என்று கூசுகிறார்கள். மக்காவில் வணிகராக இருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வெறுங்கையோடு மதீனா வந்தபோது, அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவருக்காக துஆச் செய்துவிட்டு, இவர்கள் கேட்டது கடைவீதிக்கு வழி மட்டுமே. பாலாடைக்கட்டியும் நெய்யுமாகத் தொடங்கியது அவர்களுடைய வியாபாரம். மாமாவின் கடையில் கணக்கு எழுதுவதும், தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்வேலை கற்பதும் இழிவல்ல. ஓராண்டு வீணாயிற்று என்பதைவிட, ஓராண்டில் ஒரு கைத்தொழில் கற்றேன் என்பது நேர்முகத்திலும் மதிப்புள்ள பதில்.

இரண்டு: வலிமையும் அமானத்தும்

அந்தப் பெண் பரிந்துரைக்கையில் குலத்தையோ செல்வத்தையோ சொல்லவில்லை. வலிமை, நம்பகம் என்ற இரண்டு தகுதிகளையே சொன்னார். எந்த வேலையானாலும் முதலாளி தேடுவது இவ்விரண்டையும்தான். வலிமை என்பது அந்தந்த வேலைக்குரிய திறமை. அமானத் என்பது நேரம் தவறாமையும், கல்லாவில் கை சுத்தமும், சொன்ன சொல் மாறாமையும்.

இவ்விரண்டும் உள்ளவன் அதை எடுத்துச் சொல்வது தற்பெருமையல்ல. நபி யூஸுஃப் (அலை) அவர்கள், தாம் பாதுகாப்பவர், விவரம் அறிந்தவர் என்று கூறியே களஞ்சியப் பொறுப்பைக் கேட்டார்கள். எனவே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வதும், மூன்றாண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிப்பதும் தவக்குலுக்கு மாறானவை அல்ல. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ளது. லெப்பை, தக்கனி போன்ற பட்டியலில் உள்ள பிரிவினர், தேர்வு அறிவிப்பு வருமுன்பே சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

மூன்று: பேச்சுத் தெளிவு

அந்த முதியவர் எட்டாண்டு என்று தவணையைத் தெளிவாகச் சொன்னார். பத்தாண்டாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம், உம்மைச் சிரமப்படுத்த நாடவில்லை என்றும் சொன்னார். வேலையும் தவணையும் கூலியும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹு நூல்களின் சட்டம். வளைகுடாவுக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், அரசில் பதிவு பெற்ற முகவரே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம் என்கிறது. பதிவு எண்ணையும் எழுத்து ஒப்பந்தத்தையும் பார்க்காமல், ரசீதும் வாங்காமல், உம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே வேலை தேடலாம் என்பவனை நம்பாதீர்கள்.

குறுக்கு வழி வேண்டாம்

வேலை கிடைக்காத வேதனையில் ஷைத்தான் இரண்டு வாசல்களைக் காட்டுவான். ஒன்று லஞ்சம். கொடுப்பவனையும் வாங்குபவனையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள். தகுதியுள்ள இன்னொரு ஏழைக்குரிய இடத்தைப் பணத்தால் பறித்துப் பெறும் சம்பளத்தில் பரக்கத் எப்படி இருக்கும்? மற்றொன்று பொய்யான அனுபவச் சான்றிதழ். கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்தது. ஏமாற்றுபவன் தம்மைச் சார்ந்தவனல்லன் என்று அங்கேயே எச்சரித்தார்கள். பொய்ச் சான்றிதழும் ஈரத்தை மறைத்த குவியலே.

வீட்டாரின் கடமை

மூஸா (அலை) அவர்கள் தம் கதையைச் சொன்னதும் அந்த முதியவர் சொன்ன முதல் வார்த்தை, அஞ்ச வேண்டாம் என்பது. வேலை பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். "உன் வயசில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வீடே கட்டிவிட்டான்" என்ற குத்தலால் எந்தப் பிள்ளைக்கும் வேலை கிடைத்ததில்லை. மாறாக, அவன் வீட்டுக்கு வரும் நேரம்தான் தாமதமாகும். வசதியுள்ளவர்கள் அவனை நாலு பேரிடம் சொல்லட்டும். அந்தப் பெண் சொன்னது போன்ற நாணயமான ஒரு சொல் போதும்.

சகோதரரே! காலையில் வெறும் வயிற்றோடு கூட்டை விட்டுப் பறக்கும் பறவை மாலையில் வயிறு நிரம்பித் திரும்புவதை நபியவர்கள் தவக்குலுக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். கூட்டிலேயே இருந்த பறவையை அவர்கள் சொல்லவில்லை. ஃபஜ்ரைத் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். இன்று வெறுங்கையோடு திரும்பினாலும் ஹலாலைத் தேடி நடந்த நடை அல்லாஹ்விடம் வீணாகாது. மத்யனின் நிழலில் கேட்ட துஆவை ஏற்றவன் நம் பிள்ளைகளின் துஆவையும் ஏற்று, ஹலாலான, விசாலமான ரிஜ்கை அவர்களுக்கு அருள்வானாக! ஆமீன்.