கெளுத்திக்கு வெண்புள்ளி வந்தால்...

எங்கள் தொட்டியில் நாலு கோரிடோரஸ் கெளுத்திகள். இவை அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிப்பது இயல்பு, நோய் இல்லை. ஆனால் போன மாதம் ஒன்றின் துடுப்பில் உப்புத் தூவின மாதிரி புள்ளிகள். உடம்பைக் கல்லில் உரசியது, தீனி எடுக்கலை. இதுதான் வெண்புள்ளி நோய்.

காரணம், இக்தியோப்திரியஸ் என்ற ஒருசெல் உயிரி. புள்ளிக்குள் இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. வளர்ந்து கீழே விழுந்து, நூற்றுக்கணக்கில் பிரிந்து நீந்தும்போதுதான் கொல்ல முடியும். சூட்டில் இந்தச் சுற்று சீக்கிரம் முடியும்.

நான் செய்தது:

1. ஹீட்டரால் கொஞ்சம் கொஞ்சமாக 29 டிகிரி வரை ஏற்றினேன்.

2. சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். ஏர் பம்பை நிறுத்தவே இல்லை.

3. கெளுத்திக்குச் செதில் கிடையாது, மருந்து சீக்கிரம் தாக்கிடும். அதனால் வெண்புள்ளி மருந்தைப் பாதி அளவே விட்டேன்.

4. மருந்தை உறிஞ்சாமலிருக்க வடிகட்டியின் கரியை எடுத்தேன்.

5. ஒரு நாள் பிடித்து வைத்த தண்ணீரால் கால்பங்கு மாற்றினேன்.

புள்ளி மறைஞ்சதும் நிறுத்திடாதீங்க. மணலில் மிச்சம் இருக்கும். நான் இன்னும் ஒரு வாரம் தொடர்ந்தேன். முதலில் நோய் வந்தது போய்விட்டது. மற்ற மூன்றும் பிழைத்தன. புது மீன் வாங்கினால் இரண்டு வாரமாவது தனி வாளியில் வைத்துப் பாருங்கள்!