கோபுரமும் அடித்தளமும்

நுழையும்முன்

அறிவியல் புனைவு என்றதும் விண்கலமும் எந்திர மனிதனும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த எந்திரத்தை இயக்குபவர் யார், அதன் பயன் யாரைச் சென்று சேர்கிறது என்று கேட்ட படைப்புகளும் உண்டு. ஜப்பானிய அசைவூட்டப் படங்கள் சிலவற்றில் இவ்வினாக்கள் இடதுசாரிச் சிந்தனையிலிருந்து எழுந்தன. அச்சிந்தனை நூல்களின் வழியாக மட்டும் வந்ததன்று. படம் வரைந்தோரின் பணியிடத்திலிருந்தும் வந்தது.

1960இல் ஜப்பான் – அமெரிக்கப் பாதுகாப்பு ஒப்பந்தம் திருத்திப் புதுப்பிக்கப்பட்டதை எதிர்த்து, மாணவர்களும் தொழிலாளர்களும் டோக்கியோ வீதிகளில் பெருந்திரளாகக் கூடினர். ஒப்பந்தம் நிறைவேறியது, ஆயினும் பிரதமர் கிஷி நொபுசுகே பதவி விலக நேர்ந்தது. அப்போராட்டத்தின் சூடு ஆறாத காலத்தில், 1963இல், ஹயாவோ மியாசாகி தோயெய் அசைவூட்ட நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அவற்றுக்குரிய ஓவியங்கள் கையால் வரையப்பட்ட காலம் அது. திரையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் காட்சிக்குப் பலருடைய பல வார உழைப்பு தேவைப்பட்டது. நிறுவனத்தின் தொழிற்சங்கச் செயலாளர் பொறுப்பை மியாசாகி ஏற்றார். அவருக்கு மூத்தவரான இசாவோ தகாஹதா சங்கத்தின் துணைத்தலைவராக விளங்கினார்.

இருவரும் இணைந்து உழைக்க, தகாஹதா இயக்கிய முதல் முழுநீளப்படம், சிறுவன் ஹோருஸின் கதை, 1968இல் வெளிவந்தது. இது அறிவியல் புனைவன்று, பழங்கதைப் பாங்கினது. எனினும் பின்னர் வந்தவற்றுக்கு இதுவே வித்து. பனி அரக்கனை வீழ்த்தும் வாளை வீரன் தனியே ஆக்கிக்கொள்வதில்லை. ஊரார் ஒன்றுகூடி மூட்டும் தீயிலேயே அது புதுப்பிக்கப்படுகிறது. சங்கத்தில் கற்ற பாடம் கதையாகிவிட்டது எனலாம்.

அறிவியல் புனைவில் அப்பாடம் முழுமை பெற்றது 1978இல். என்.எச்.கே. தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘எதிர்காலச் சிறுவன் கோனன்’ என்னும் 26 பகுதிகள் கொண்ட தொடரை மியாசாகி இயக்கினார். அமெரிக்க எழுத்தாளர் அலெக்சாண்டர் கீ 1970இல் வெளியிட்ட புதினமே இதற்கு மூலம். பேரழிவுப் போரில் கண்டங்கள் பிளந்து மூழ்கிய பின், எஞ்சியவர்கள் வாழும் உலகம் இது. அதில் ‘இண்டஸ்ட்ரியா’ என்றொரு நகரம். வானளாவிய முக்கோணக் கோபுரத்தில் ஆள்வோர் இருக்கின்றனர். குடிமக்கள் தரம் பிரிக்கப்பட்டுள்ளனர். அடக்குமுறைக்கு உள்ளான மக்களோ நிலத்தடியில் வாழ்கின்றனர். நகரின் ஆற்றல் வற்றிவருகிறது. கதிரொளி ஆற்றலின் கமுக்கத்தை அறிந்த அறிஞர் லாவோவைத் தேடுகிறான் லெப்கா என்னும் அதிகாரி. அவ்வாற்றல் கைக்கு வந்ததும் அவன் நிலத்தடி மக்களுக்கு ஒளியூட்டவில்லை. போர் வானூர்தியையே பறக்க விடுகிறான். கருவியைக் குறைகூறாமல், அதைக் கைக்கொண்டிருக்கும் அதிகாரத்தைக் குறைகூறுவதே இத்தொடரின் அரசியல்.

இதற்கு எதிராக நிற்கிறது ‘ஹை ஹார்பர்’ தீவு. அங்கே பயிரிடுதலும் மீன்பிடித்தலும் பொதுவாழ்வின் பகுதிகள். விருந்தினராக வந்த சிறுவரும் வேலை பார்த்தாக வேண்டும். ஆனால் அதுவும் குறையற்ற பொன்னுலகமன்று. கூட்டுவாழ்வை ஏற்காத ஓர்லோவின் கூட்டம் தீவின் மறுபுறத்தில் இருக்கிறது.

இண்டஸ்ட்ரியாவின் அலுவலரான மான்ஸ்லி என்னும் பெண்ணும் கருதத்தக்கவர். தம்மைக் கண்டிக்கும் கோனனின் தாத்தாவிடம், போரை மூட்டியவர்கள் பெரியவர்களே என்றும், அன்று குழந்தைகளாயிருந்த தாங்கள் உயிர்பிழைக்கப் பட்ட துன்பம் பெரிது என்றும் அவர் சினந்து கூறுகிறார். முதியவரால் எளிதில் மறுக்க இயலாத கூற்று அது. அதனாலேயே பின்னாளில் அவர் மனம் மாறி எதிரணியில் சேர்வது நம்பும்படி அமைகிறது.

குறை ஒன்றும் உண்டு. நிலத்தடி மக்கள் கிளர்ந்தெழுந்தாலும், இக்கட்டுகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த சிறுவனின் அசாத்திய உடல்வலிமையாலேயே தீர்கின்றன. ஹோருஸ் படத்தில் ஊரார் பெற்ற இடம் இங்கே சுருங்கிவிட்டது.

‘நவுசிக்கா’ என்னும் தம் சித்திரக்கதையை 12 ஆண்டுகள் எழுதி 1994இல் முடித்த காலத்தில், தாம் மார்க்சியத்தைக் கைவிட்டதாக மியாசாகி வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் 2001இல் அவர் இயக்கிய ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தில், வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சிறுமியின் பெயரையே முதலாளியம்மாள் பறித்துக்கொள்கிறாள்.