இரண்டு தொகுதிகளை இணைத்த வேதியியலாளர்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் போரான் முதல் தொகுதியில் இருக்கிறது. கார்பாக்சிலிக் அமிலம் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. இரண்டையும் நடத்துவதற்கிடையே சில மாதங்கள் ஓடிவிடுகின்றன. கனிம வேதியியல் வேறு, கரிம வேதியியல் வேறு என்ற எண்ணம் மாணவர் மனத்தில் ஊன்றிவிடுகிறது. சங்கரன்கோவிலில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கும் நான், இந்த இடைச்சுவரை அகற்ற ஓர் ஆய்வாளரின் பணியையே பாடமாக நடத்தி வருகிறேன். அவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த பேராசிரியர் மாரியப்பன் பெரியசாமி.

பாதியும் பாதியும்

கார்பன் அணுவும் உலோக அணுவும் நேரடியாகப் பிணைந்திருப்பது கரிம உலோகச் சேர்மம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஓர் உருவில் பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணரைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஒரு மூலக்கூறில் கரிமமும் உலோகமும் சேர்ந்து நிற்பதை அதோடு ஒப்பிட்டதும் புரிந்துகொள்கிறார்கள். போரான் உலோகப்போலிதான், ஆனாலும் கார்பன்–போரான் பிணைப்புள்ள சேர்மங்களையும் இந்தத் துறையிலேயே சேர்த்துப் படிக்கிறோம்.

ஆய்வுப் பாதை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எம். வி. பட் வழிகாட்டுதலில் பெரியசாமி ஆய்வு செய்தார். பின்னர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் பிரவுனிடம் பணியாற்றினார். போரான் சேர்மங்களைக் கரிமத் தொகுப்பில் பயன்படுத்தியதற்காக 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் பிரவுன்.

பிரவுனின் கதையையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். தந்தை இறந்ததால் பள்ளியை விட்டுக் குடும்பக் கடையைக் கவனித்தவர் அவர். பிறகு மீண்டும் பள்ளிக்குத் திரும்பினார். 1936-இல் பட்டம் பெற்றபோது, பின்னாளில் அவருடைய மனைவியான சாரா, போரான் ஹைட்ரைடுகள் பற்றிய ஒரு புத்தகத்தைப் பரிசளித்தார். கடையில் இருந்த வேதியியல் நூல்களில் அதுவே விலை குறைந்தது என்பதுதான் காரணமாம்! விசைத்தறிக்கோ பூக்கட்டவோ போய்விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் இந்தக் கதையைக் கவனமாகக் கேட்கிறார்கள்.

நாடு திரும்பிய பெரியசாமி ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும் பெற்றார்.

பாடத்தின் மையம்

சோடியம் போரோஹைட்ரைடு ஆல்டிஹைடு, கீட்டோன்களை எளிதில் ஒடுக்கும். கார்பாக்சிலிக் அமிலத்தைச் சாதாரணமாக ஒடுக்காது. டைபோரேன் ஒடுக்கும். ஆனால் அது நச்சு வாயு, காற்றில் தீப்பற்றக்கூடியது. இந்தச் சிக்கலுக்குப் பெரியசாமி குழு கண்ட வழி, சோடியம் போரோஹைட்ரைடுடன் அயோடினைச் சேர்ப்பது. தேவையான போரேன் வினைக்குடுவைக்குள்ளேயே உருவாகி, அங்கேயே அமிலத்தை ஆல்கஹாலாக ஒடுக்கிவிடுகிறது. 1991-இல் வெளியான இந்த முறை இன்றும் பயன்படுகிறது.

உலோகத்திலும் அவர் இதே வழியில் சென்றார். ஓர் ஆல்கீன், ஓர் ஆல்கைன், கார்பன் மோனாக்சைடு மூன்றும் சேர்ந்து ஐந்து கார்பன் வளையத்தைத் தருவது பாசன்–காண்ட் வினை. அதற்குக் கோபால்ட் கார்பனைல் தேவை. கோபால்ட் புரோமைடு, துத்தநாகம் ஆகியவற்றிலிருந்து அதையும் குடுவைக்குள்ளேயே தயாரித்துக்கொள்ளும் முறையை அவர் குழு வகுத்தது. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் போரிக் அமிலத்தையும் ஓர் அமீனையும் கொண்டு, ஆடி பிம்பங்களாக உள்ள பைநாப்தால் மூலக்கூறுகளையும் அவர்கள் பிரித்தெடுத்தார்கள்.

வகுப்பறையில்

1. போரோஹைட்ரைடு வினையைப் பள்ளியில் செய்யக் கூடாது. அதற்குப் பதிலாக, டிங்சர் அயோடின் சில துளிகளை நீரில் கலந்து, பொடித்த வைட்டமின் சி மாத்திரையைச் சேர்க்கச் சொல்லலாம். பழுப்பு நிறம் மறையும். அயோடின் ஒடுங்கி அயோடைடாகிறது. குடுவையில் போரோஹைட்ரைடுடன் சேரும்போதும் அயோடினுக்கு நேர்வது இதுவே.

2. சோடியம் போரோஹைட்ரைடும் அயோடினும் வினைபுரிந்து டைபோரேன், ஹைட்ரஜன், சோடியம் அயோடைடு தருகின்றன. இச்சமன்பாட்டை மாணவர்களே சமன்செய்யட்டும். (விடை: 2, 1 → 1, 1, 2)

3. இரு தொகுதிகளையும் ஒருசேரத் திறந்து, இந்த வினை எந்தெந்தப் பாடங்களைத் தொடுகிறது எனப் பக்க எண்ணுடன் பட்டியலிடச் செய்யலாம்.

“ஆராய்ச்சிக்குப் பெரிய மெஷின் எல்லாம் வேணும்ல சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். பல ஆய்வுகளுக்கு வேண்டும்தான். ஆனால் இங்கே முதலில் தேவைப்பட்டது, கையில் இருக்கும் பொருளால் எது முடியவில்லை, அதனோடு எதைச் சேர்த்தால் முடியும் என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை நம் பள்ளி ஆய்வகத்திலேயே தொடங்கிவைக்கலாம்.